குளமும் காடும் பேண மானியம் பெறுவது எப்படி: வன்னிக் கிராம அமைப்புகளுக்கான முழுமையான வழிகாட்டி

மானிய அழைப்பு வெளியானதும் கிராம அமைப்புகள் பெரும்பாலும் படிவத்தைத்தான் முதலில் கையில் எடுக்கின்றன. மூன்று வாரம் இருக்கிறது, இரவிரவாக நிரப்பி அனுப்பிவிடலாம் என்று நினைக்கிறார்கள். படிவம் கடைசி வேலை. நில அனுமதி, ஊரின் ஒப்புதல், மழைக்காலக் கணக்கு, வங்கிக் கணக்கு ஆகிய நான்கும் அழைப்பு வருவதற்கு முன்பே தயாராக இருந்தால் படிவத்தை ஒரு வாரத்தில் எழுதிவிடலாம். இல்லாவிட்டால், பணம் கிடைத்த பிறகும் வேலை நடக்காது.

சிறு குளம், அதன் நீரேந்து பகுதி, மேய்ச்சல் தரை, களப்போரக் கண்டல் என்று ஊரே பேணிவரும் இடங்களைக் காலநிலை மாற்றத்துக்கு ஈடுகொடுக்கும்படி சீராக்க விரும்பும் வட இலங்கையின் வன்னியிலுள்ள கமக்காரர் அமைப்புகளையும் கிராம, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

## 1. நிலம் யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்று அறியுங்கள்

ஊருக்கு அது ஒரே இடம். அரசின் கோப்புகளில் அது நான்கு துண்டு. இதைக் கண்டுபிடிக்காமல் போட்ட திட்டங்கள்தான் அதிகம் கவிழ்கின்றன.

80 ஹெக்டேயர், அதாவது ஏறத்தாழ 200 ஏக்கர் வரை நீர் பாய்ச்சும் குளங்கள் சிறு நீர்ப்பாசனம் என்ற வகையில் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருகின்றன. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் இதற்கு அடிப்படை. அதற்கு மேற்பட்டவை மத்திய அல்லது மாகாண நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு உரியவை. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்றவற்றின் கட்டிலோ துருசிலோ (நீர் திறந்துவிடும் மதகிலோ) கை வைக்கும் திட்டத்தைச் சிறு மானியத்துக்கு எழுத வேண்டாம். அந்தக் குளங்களின் வாய்க்கால் ஓர மரநடுகை போன்ற வேலைகளுக்குக்கூடத் திணைக்களப் பொறியியலாளரின் எழுத்து வேண்டும்.

குளத்துக்கு மேலேயுள்ள பற்றைக்காடு பெரும்பாலும் வனவளத் திணைக்களத்தினது. சில இடங்களில் வனஜீவராசிகள் திணைக்களத்தினது: நந்திக்கடலும் நாயாறும் 2017இல் இயற்கை ஒதுக்கங்களாக அறிவிக்கப்பட்டன, கட்டுக்கரைக்குளம் ஒரு சரணாலயம். மீதி அரச காணியாகப் பிரதேச செயலகத்தின் பொறுப்பில் இருக்கும்.

இடப்பெயர்வுக்கு முன் ஊர் பயிர்செய்த காணிகள் காடுபற்றி, இப்போது வனவளத் திணைக்கள எல்லைக்கல்லுக்கு உள்ளே கிடப்பது வன்னியில் பழகிப்போன கதை. அப்படிப்பட்ட துண்டை மானியத் திட்டத்துக்குள் கொண்டுவராதீர்கள். உரிமை உங்களுடையது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் பிணக்கிலிருக்கும் காணியில் எந்த நிதியமும் பணம் செலவிட அனுமதிக்காது. மரம் நட்டதற்காக ஊர்க்காரர் மீதே வழக்கு வரலாம். காணிப் பிணக்கை வேறு வழியில் நடத்துங்கள், திட்டத்தைப் பிணக்கில்லாத பகுதியில் போடுங்கள்.

நீரேந்து பகுதிக்குள் தோண்டும் வேலை இருந்தால் கண்ணிவெடி அகற்றிய விபரத்தையும் மாவட்டச் செயலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வயல் துப்புரவாகியிருக்கும், மேலே உள்ள பற்றைக்காடு துப்புரவாகியிருக்காது.

கடிதங்களைக் கிராம அலுவலரில் தொடங்கி, கமநல சேவை நிலையம், பிரதேச செயலகம் என்ற வரிசையில் எடுங்கள். வனவளத் திணைக்களத்துக்கான விண்ணப்பத்தைப் பக்கத்திலேயே சமகாலத்தில் போடுங்கள், அதுதான் அதிகம் தாமதமாகும். கடிதத்தில் குளத்தின் பெயர், கிராம அலுவலர் பிரிவு, பரப்பு, என்ன வேலைக்கு ஆட்சேபனை இல்லை என்ற நான்கும் இருக்க வேண்டும். "இம்முயற்சியை வரவேற்கிறோம்" என்று எழுதித் தருவது ஆதரவுக் கடிதம். அதை அனுமதிக் கடிதம் என்று நம்பிக் கோப்பில் வைத்திருந்து, பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) வந்து இறங்கிய அன்று மாட்டிக்கொண்ட அமைப்புகள் உண்டு.

## 2. கூட்டத்துக்கு வராதவர்களின் ஒப்புதலையும் பெறுங்கள்

முன்கூட்டிய, வற்புறுத்தலற்ற, விபரமறிந்த ஒப்புதல் என்பது 2007ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் ஆதிக்குடி மக்கள் உரிமைப் பிரகடனத்தில் உள்ள கோட்பாடு. நிதியங்கள் இப்போது உள்ளூர்ச் சமூகங்களிடமும் இதை எதிர்பார்க்கின்றன. புதியவர்கள் இதற்கு ஒரு பொதுக்கூட்ட வரவுப் பட்டியலை இணைத்துவிட்டு முடிந்தது என்கிறார்கள்.

கமக்காரர் அமைப்பில் இருப்பவர்கள் அந்தக் குளத்தின் கீழ் வயல் செய்பவர்கள். குளத்தைப் பயன்படுத்துவோர் அவர்களைவிட அதிகம். பட்டி வைத்திருப்பவர்கள் அலைகரையில் (நீர் வற்றும்போது வெளிப்படும் குளவிளிம்பில்) மாடு மேய்க்கிறார்கள். நன்னீர் மீன்பிடிச் சங்கம் ஒன்று இருக்கும். விறகுக்கும் பாலைப்பழத்துக்கும் காட்டுக்குப் போகும் பெண்கள் இருப்பார்கள். மலையகத்திலிருந்து 1977 வன்செயலுக்குப் பிறகு வந்து குடியேறி, இன்னும் காணிப் பத்திரம் கையில் இல்லாத குடும்பங்கள் பல கிராமங்களில் உண்டு. பத்திரமில்லாததால் வயலில்லை, வயலில்லாததால் அமைப்பில் இல்லை, அமைப்பில் இல்லாததால் கூட்டத்துக்கு அழைப்பும் இல்லை. அலைகரையை அடைத்து மரம் நட்டால் முதலில் பாதிக்கப்படுவது இவர்கள்தாம்.

ஆகவே பொதுக்கூட்டத்துக்கு முன் பட்டிக்காரர், மீன்பிடிப்போர், பெண்கள், பத்திரமில்லாத குடும்பங்கள் என்று தனித்தனியாகச் சந்தியுங்கள். ஒவ்வொரு தரப்பும் எதற்குச் சம்மதித்தது, எதற்கு மறுத்தது, அதனால் திட்டத்தில் எதை மாற்றினீர்கள் என்று எழுதி வையுங்கள். மறுப்பு எதுவுமில்லாத அறிக்கையை அனுபவமுள்ள மதிப்பீட்டாளர் நம்பமாட்டார். "மாடு போக வடக்குப் பக்கம் பாதை விட்டோம்" என்ற ஒரு வரி, பத்துப் பக்க வரவுப் பட்டியலைவிட எடை கூடியது.

பக்கத்து ஊரையும் மறக்கக் கூடாது. வன்னியின் சிறு குளங்கள் தொடராக அமைந்தவை. மேற்குளம் நிரம்பி வான் (மிகுநீர் வழியும் கலிங்கு) பாயும் நீர் கீழ்க்குளத்துக்கு வருகிறது. உங்கள் குளத்தின் வானை அரை அடி உயர்த்தினால் மேலே யாரோ ஒருவருடைய வயல் மூழ்கலாம், கீழே இன்னொரு குளம் பிந்தி நிரம்பலாம். இரண்டு ஊர் அமைப்புகளின் கையொப்பமும் இல்லாமல் வானில் மாற்றம் செய்யும் வேலையைத் திட்டத்தில் போட வேண்டாம்.

## 3. மழையிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

நிதியத்தின் நாட்காட்டி சனவரியில் தொடங்கும். குளத்தின் நாட்காட்டி ஒக்டோபரில் தொடங்குகிறது. வன்னிக்கு வரும் மழையில் பெரும்பகுதி ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரையான வடகீழ்ப் பருவத்தில் கொட்டித் தீர்ந்துவிடும்.

குளக்கட்டு, துருசு, தூர் அகற்றல் எல்லாம் குளம் வற்றியிருக்கும்போது செய்யும் வேலைகள். சிறுபோகம் (கோடைகால நெற்செய்கை) செய்யாத சிறு குளங்களில் யூன் முதல் செப்டெம்பர் நடுப்பகுதி வரை இடமுண்டு. சிறுபோகம் செய்தால் அறுவடை முடியும்வரை துருசைத் தொட முடியாது, உங்களுக்கு மிஞ்சுவது சில வாரங்கள். புதிதாகப் போட்ட மண்கட்டு இறுகுவதற்கும் புல் பிடிப்பதற்கும் முன் பெருமழை வந்தால் கட்டு கரையும். 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வந்த வெள்ளத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

மரநடுகை இதற்கு எதிர்ப்புறம். முதல் மழைக்குப் பின், ஒக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் நட வேண்டும். அதற்கான கன்றுகளை மருது, பாலை, நாவல், இலுப்பை, புளி என்று அந்த ஆண்டின் முற்பகுதியிலேயே நாற்றுமேடையில் போட்டிருக்க வேண்டும்.

இந்த மாதங்களை ஒரு தாளில் எழுதிவிட்டுப் பின்னோக்கி வாருங்கள். யூனில் பெக்கோ இறங்க வேண்டுமானால் ஏப்பிரலில் முதல் தவணை வர வேண்டும். அதற்கு மாசி, பங்குனியில் ஒப்பந்தம் முடிய வேண்டும், அதற்கு முந்தைய ஆண்டிலேயே விண்ணப்பம் போயிருக்க வேண்டும். ஆவணியில் ஒப்பந்தமாகிறது என்றால் கட்டு வேலையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளி, முதல் ஆண்டில் நாற்றுமேடை, பயிற்சி, அளவீடு என்று திட்டத்தைத் திருப்பிப்போடும்படி நிதியத்திடம் எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலான நிதியங்கள் இதற்கு உடன்படும். பணம் வந்ததே என்று புரட்டாதி முடிவில் கட்டைத் தோண்டத் தொடங்குவதுதான் ஆபத்து.

## 4. அமைப்பின் தாள்களைச் சீராக்குங்கள்

இது சலிப்பான வேலை, ஆனாலும் சுருக்கம். பதிவுச் சான்றிதழ், யாப்பு, கடைசிப் பொதுக்கூட்டக் குறிப்பு, தற்போதைய நிர்வாகிகளின் பட்டியல், கணக்காய்வு செய்த கணக்கறிக்கை, அமைப்பின் பெயரிலான வங்கிக் கணக்கு ஆகியவை வேண்டும்.

அதிகம் இடறும் இடம் வங்கிக் கணக்கு. தலைவர் மாறி இரண்டு ஆண்டாகியும் பழைய தலைவரின் கையொப்பமே வங்கியில் இருக்கும், அல்லது கணக்கு செயலிழந்து கிடக்கும். இதை மாற்றப் பொதுக்கூட்டத் தீர்மானம் வேண்டும், தீர்மானத்துக்குக் கூட்டம் வேண்டும், கூட்டத்துக்கு அறிவித்தல் காலம் வேண்டும். அழைப்பு வந்தபின் தொடங்கினால் முடியாது.

உங்கள் பதிவு எந்தச் சட்டத்தின் கீழ் என்பதையும் பாருங்கள். சில நிதியங்கள் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழ்ப் பதிந்த அமைப்பையோ உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியையோ கேட்கும். உங்களிடம் அது இல்லையென்றால், அது உள்ள ஓர் அமைப்புடன் சேர்ந்து விண்ணப்பிக்கலாம். அப்போது பணம் யார் கணக்கில் வரும், கொள்வனவை யார் முடிவுசெய்வார், நிர்வாகச் செலவு எவ்வளவு என்பதை முதலிலேயே எழுத்தில் ஒப்பந்தமாக்குங்கள். நம்பிக்கை நல்லதுதான், கையொப்பம் அதைவிட நல்லது.

## 5. எந்த நிதியம் உங்கள் அளவுக்குப் பொருந்தும்

பசுமைக் காலநிலை நிதியத்தைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அங்கே கிராம அமைப்பு நேரடியாக விண்ணப்பிக்க முடியாது, அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் ஊடாகத்தான் பணம் வரும். அதன் நிதியில் 2016இல் அங்கீகரிக்கப்பட்ட உலர்வலய நீர் முகாமைத்துவத் திட்டம் மல்வத்து ஓயா, யான் ஓயா, மீ ஓயா வடிநிலங்களில் குளங்களைச் சீரமைத்தது. இந்த மல்வத்து ஓயாதான் மன்னாரில் கடலைச் சேரும் அருவியாறு. அவ்வகைத் திட்டம் உங்கள் பகுதிக்கு வந்தால் பயனாளி அமைப்பாகச் சேரலாம்.

கிராம அமைப்பின் அளவுக்குப் பொருத்தமானது உலகச் சுற்றாடல் வசதி எனும் நிதியத்தின் (ஜீ.ஈ.எஃப்.) சிறு மானியத் திட்டம். ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் ஊடாக 1994 முதல் இலங்கையில் நடக்கிறது. ஒரு மானியத்துக்கு 50,000 அமெரிக்க டொலர் என்பது நீண்டகாலம் உச்சவரம்பாக இருந்தது. ஒவ்வோர் அழைப்பிலும் தொகையும் இலக்குப் பகுதியும் மாறும் என்பதால் அந்த அழைப்பில் உள்ளதையே பாருங்கள். ஒரு கட்டத்தில் மன்னார்த் தீவிலிருந்து யாழ்ப்பாணம் வரையான கரையோரம் இலக்கு நிலப்பரப்புகளில் ஒன்றாக இருந்தது. உள்நாட்டுக் குளமொன்றுக்கு அந்த அழைப்பில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் பயனில்லை.

தூதரகங்களின் சிறு நிதிகளும் உண்டு. கனடாவின் உள்ளூர் முயற்சிகளுக்கான நிதி, அவுஸ்திரேலியாவின் நேரடி உதவித் திட்டம், யப்பானின் அடிமட்ட மக்கள் பாதுகாப்புக்கான மானியம் என்பன அவற்றுள் சில. முதலிரண்டும் குறுகிய காலத்தில் முடியும் வேலைகளுக்கு ஏற்றவை. மரம் வளர்ப்பது போன்ற மூன்றாண்டு வேலைக்கு ஒத்துவராது. யப்பானியத் திட்டம் கட்டடம், உபகரணம் போன்ற கண்ணுக்குத் தெரியும் பொருள்களுக்கே பணம் தரும், சம்பளத்துக்குத் தராது.

படிவத்தில் "ஆதிக்குடி மக்கள்" என்ற பெட்டியைக் கண்டதும் அடையாளமிட்டுவிடும் பழக்கம் ஒன்று பரவுகிறது. 2021இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் ஆதிக்குடி மக்களுக்கும் உள்ளூர்ச் சமூகங்களுக்கும் 170 கோடி டொலர் அறிவிக்கப்பட்டதன் பிறகு இந்த ஆசை கூடியிருக்கிறது. இலங்கையில் அந்தப் பிரிவில் வழக்கமாகக் கணக்கிடப்படுவது வேடர் சமூகங்கள். அப்படி அடையாளப்படுத்தும் சமூகம் அல்லாவிட்டால் "உள்ளூர்ச் சமூகம்" என்ற பெட்டியே உங்களுடையது, அதனால் தகுதி குறைவதில்லை. அந்த இடத்தில் உங்கள் வழமைகளை எழுதுங்கள்: வட்டவிதானையார் நீர் பங்கிடும் முறை, வறட்சி ஆண்டில் எந்தத் துண்டு வயல்களை மட்டும் செய்வது என்று கூடித் தீர்மானிப்பது, ஐயனார் கோயிலைச் சுற்றி யாரும் வெட்டாத காடு.

## 6. ஆதாரம் திரட்டுங்கள்

"மழை மாறிவிட்டது" என்று ஊர் முழுவதும் சொல்லும். அது உண்மை, ஆனால் ஆதாரமில்லை.

கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் காலபோகத்துக்கு (மாரிகால நெற்செய்கைக்கு) எப்போது விதைத்தீர்கள், குளம் எப்போது வான் பாய்ந்தது, எந்த ஆண்டு சிறுபோகம் செய்யவில்லை என்று மூத்தவர்களோடு இருந்து ஓர் அட்டவணை போடுங்கள். கமநல சேவை நிலையத்தின் பயிர்ச்செய்கைக் கூட்டக் குறிப்புகளோடு அதை ஒப்பிடுங்கள். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் செய்மதிப் படங்களைக் காசில்லாமல் பார்க்கலாம். நீர்ப்பரப்பு சுருங்கியதும் மேற்பகுதிக் காடு வெளித்ததும் அதில் தெரியும். தூரின் ஆழத்தை வற்றிய குளத்தில் சில இடங்களில் குழி தோண்டி அளந்து குறியுங்கள்.

## 7. இப்போது படிவத்தை எழுதுங்கள்

முதல் பக்கத்தில் துருவப் பனிப்பாறை உருகுவதைப் பற்றி எழுதாதீர்கள். மதிப்பீட்டாளருக்கு அது தெரியும். அவருக்குத் தெரியாதது உங்கள் குளம் எந்த மாதம் வற்றுகிறது, அப்போது எத்தனை குடும்பம் எங்கே போய்த் தண்ணீர் எடுக்கிறது என்பது. அதில் தொடங்குங்கள்.

பிரச்சினை, காரணம், வேலை, விளைவு நான்கும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். குளம் தூர்ந்ததற்குக் காரணம் மேலே காடு வெளித்து மண் அரித்து வருவது என்றால், தூர் அகற்றுவது மட்டும் விடையாகாது. நீர் குளத்துக்குள் நுழையும் இடத்தில் புல்வரிசை, மண்வரம்பு, அதற்கு மேல் மரவரிசை என்று மண்ணைத் தடுக்கும் அமைப்பும் சேர வேண்டும். உலர்வலயக் குளத்தொடர் முறையில் இவை இருந்தன. அந்த முறையை ஐக்கிய நாடுகள் உணவு விவசாய அமைப்பு 2017இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுரிமையாக ஏற்றது.

தூர் அகற்றல் என்ற சொல்லைக் கண்டால் அதிகாரிகளுக்குச் சந்தேகம் வரும். அந்தப் பெயரில் மண் ஏற்றி விற்றவர்கள் செய்த புண்ணியம் அது. எவ்வளவு மண் எடுப்பீர்கள், அது கட்டுக்கா வயலுக்கா எங்கே போகும், யார் கணக்கு வைப்பார் என்று நீங்களே எழுதுங்கள். குளத்துக்கு வெளியே கொண்டுபோவதானால் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதி பற்றி முன்கூட்டியே விசாரியுங்கள். முழுக்குளத்தையும் ஒரே ஆழத்துக்குத் தோண்டுவதாகவும் எழுத வேண்டாம். அடியிலுள்ள களிப்படை கிழிந்தால் தண்ணீர் நிற்காது.

பக்கத்து ஊரின் வெற்றிபெற்ற விண்ணப்பத்தை வாங்கிப் பெயரை மட்டும் மாற்றுவது இன்னொரு பழக்கம். எங்கோ ஒரு பந்தியில் பழைய ஊரின் பெயர் தப்பிப்பிழைத்து நின்றுவிடும்.

## 8. வரவு செலவுத் திட்டம்

மண்வேலைக்கும் கொங்கிறீட் வேலைக்கும் கமநலத் திணைக்களத் தொழில்நுட்ப உத்தியோகத்தரின் மதிப்பீட்டை வாங்குங்கள். ஊர் மேசன் சொன்ன தொகை மதிப்பீட்டாளரிடம் நிற்காது.

விலைமனுக்களில் வற் (பெறுமதி சேர்) வரி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். 2024 சனவரி முதல் அது 18 சதவீதம். ஆறு மாதத்துக்கு முந்தைய விலைமனுவை நம்பியும் இருக்க வேண்டாம். 2022இல் டொலர் இருநூறு ரூபா அளவிலிருந்து சில மாதங்களில் முந்நூற்றறுபதைத் தொட்டபோது, பழைய விலையில் திட்டமிட்டவர்களின் சீமெந்துக் கணக்கு பாதியில் நின்றது. விலை ஏற்றத்துக்கான ஒதுக்கீட்டை நிதியம் அனுமதித்தால் போடுங்கள், அனுமதிக்காவிட்டால் வேலையின் அளவைச் சற்றுக் குறையுங்கள்.

சமூகப் பங்களிப்பு என்பது பணமாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. சிரமதான உழைப்பு, உழவு இயந்திரம், கன்றுகள், கூட்ட மண்டபம் எல்லாம் கணக்கில் வரும். சிறு மானியத் திட்டம் மானியத்துக்கு நிகரான பங்களிப்பை எதிர்பார்ப்பது வழக்கம். நாட்கூலியை ஊரில் உண்மையில் கொடுக்கும் அளவிலேயே போடுங்கள். ஊதிப்பெருக்கிய எண்ணை, பிறகு வரவுப் பட்டியலோடு நிரூபிக்கச் சொல்வார்கள்.

மோட்டார் சைக்கிளும் மடிக்கணினியும் பட்டியலின் தலையில் நின்றால் மீதியை யாரும் கவனமாக வாசிக்கமாட்டார்கள். மறக்கப்படுவது வேறு: கன்றுகளுக்கு வேலி, முதல் இரண்டு சோளகக் (தென்மேல் காற்று வீசும் வறண்ட) காலங்களுக்கும் தண்ணீர் ஊற்றும் கூலி, கணக்காய்வுச் செலவு.

## 9. பணம் வந்த பிறகு

பணம் தவணையாக வரும், கடைசித் தவணை இறுதி அறிக்கைக்குப் பின்பே. அதனால் கடைசிக் கட்ட வேலைக்குக் கடை முதலாளியிடமோ பெக்கோக்காரரிடமோ கடன் சொல்லி வைக்க வேண்டிவரும். அந்தக் கடனை ஊர் தாங்குமா என்று வேலை தொடங்கும் முன் பாருங்கள். தாங்காது என்றால் பெரிய கொள்வனவுகள் நடுத்தவணையில் விழும்படி தவணை அட்டவணையை ஒப்பந்தத்திலேயே மாற்றக் கேளுங்கள்.

ஒவ்வொரு கொள்வனவுக்கும் விலைமனுக்கள், தெரிவுசெய்த குறிப்பு, பற்றுச்சீட்டு மூன்றும் ஒரே கோப்பில் இருக்கட்டும். சிரமதான வரவை அன்றன்றே கையொப்பத்தோடு எடுங்கள். மாத முடிவில் ஒரே பேனையால் எழுதிய பட்டியலைக் கணக்காய்வாளர் ஒரு பார்வையில் கண்டுபிடிப்பார். படங்களைக் குறித்த நான்கைந்து இடங்களில் நின்று, வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே கோணத்தில் எடுங்கள். வரிசையாக நின்று பதாகை பிடிக்கும் படம் ஒன்று போதும்.

வேலையில் மாற்றம் வந்தால் செய்வதற்கு முன் எழுதிக் கேளுங்கள். துருசுக்கு ஒதுக்கிய பணத்தை வேலிக்குச் செலவிட்டது நியாயமாகவே இருக்கலாம். முன் அனுமதி இல்லையென்றால் அந்தத் தொகையைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

மரநடுகை அறிக்கையில் நட்ட எண்ணிக்கையை மட்டும் எழுதாமல், இரண்டாவது சோளகத்துக்குப் பின் உயிரோடு நிற்பவற்றை எண்ணி எழுதுங்கள். கட்டாக்காலி மாடு தின்றதையும் யானை பிடுங்கியதையும் எங்கே, எத்தனை என்று குறியுங்கள். அடுத்த மானியத்துக்கு வேலிச் செலவைக் கேட்கும்போது காட்டுவதற்கு அந்தக் கணக்குத்தான் கையில் இருக்கும்.